காலியாக இருக்க வேண்டிய வயிறு

அந்த எலியின் இதயம் அப்படி எரிந்திருக்கக் கூடாது.

லோர்னா தீசன் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். முந்தின மாலையே தீனியை எடுத்துவிட்டு இரவு முழுக்கப் பட்டினி போட்ட எலி. அதன் தோளோரம் வளர்ந்திருந்த புற்றுக்கட்டிதான் பளிச்சென்று தெரிய வேண்டும். கட்டியோ மங்கிக் கிடந்தது. நெஞ்சுக்குள் இதயம் மட்டும் ஊதிவிட்ட கங்கு மாதிரி சிவந்து நின்றது.

மனிடோபா மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில், சன்னலே இல்லாத அறைகளில், இந்த ஸ்கேனர் அவள் பொறுப்பில் இருந்தது. மனிதர்களைப் படுக்கவைத்து எடுக்கிற அதே பெட் (PET) ஸ்கேன்தான். ஆனால் இந்த இயந்திரத்தின் வாய்க்குள் ஒரு காபிக் கோப்பைதான் நுழையும். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை எலியின் வால் நரம்பில் ஏற்றுவார்கள். கட்டி அதை ஆவலாய் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய இடத்திலிருந்து கிளம்பும் பாசிட்ரான்கள் அங்கேயே மோதி அழியும். அழியும்போது வெளிவரும் கதிர்களைப் பிடித்து இயந்திரம் படமாகக் கோக்கும். புது மருந்து கட்டியை அடக்குகிறதா என்று கத்தி வைக்காமலே பார்த்துவிடலாம். எல்லாம் எலி ஒழுங்காகப் பட்டினி கிடந்திருந்தால்தான். தின்றுவிட்டு வந்த எலியின் உடம்பில் சர்க்கரை தசைக்கும் இதயத்துக்கும் போய்விடும். கட்டிக்கு மிச்சம்மீதிதான். கட்டி மங்கும். மருந்து அற்புதமாக வேலை செய்கிற மாதிரியே தெரியும்.

கூடவே எடுத்த எக்ஸ்ரே படத்தை லோர்னா திறந்தாள். காலியாகச் சுருங்கியிருக்க வேண்டிய வயிறு அவரைக்கொட்டை போல உருண்டு திரண்டிருந்தது.

அடுத்த எலி. அதற்கும் நிறைந்த வயிறு. அடுத்தது காலி. அதற்கடுத்தது மறுபடி நிறைவு.

எலிக்கூண்டுகளில் சிலவற்றுக்குப் பச்சை அட்டையும் சிலவற்றுக்கு மஞ்சள் அட்டையும் செருகியிருக்கும். ஒரு நிறத்துக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புநீர். எது எதுவென்று ஸ்கேன் எடுக்கிற லோர்னாவுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கண் ஒருபக்கம் சாயும். ஆனால் நிறைந்த வயிறுகள் பெரும்பாலும் பச்சை அட்டைக்காரர்களுடையவை என்பதை அவள் கண் பார்த்துவிட்டது. பச்சைதான் மருந்து என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

கதவு திறந்தது. பெஜ்மான் ராஸ்தேகர் உள்ளே வந்தான். இந்த மருந்து ஆராய்ச்சி அவனுடையது. தெஹ்ரானில் படித்து, இங்கே டாக்டர் ஹௌலெட்டின் ஆய்வகத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளனாக இருப்பவன். எது மருந்து, எது உப்புநீர் என்று தெரிந்தவர்கள் அவனும் ஹௌலெட்டும் மட்டும்தான்.

"எப்படி வந்திருக்கு? என் குட்டிங்க மானத்தைக் காப்பாத்துச்சா?"

"வந்திருக்கு." லோர்னா திரையை வேறு பக்கம் மாற்றினாள். "பெஜ்மான், நேத்து தீனி எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. என்ன திடீர்னு 'ங்க' எல்லாம்? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" அவன் சிரித்தான்.

"சும்மா கேட்டேன். சிலதுக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி தெரியுது."

"அடியில போட்ட மரத்தூளைத் தின்னிருக்கும். பசி வந்தா தன் புழுக்கையையே தின்னும் அதுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததல்ல. ஆனால் மரத்தூள் தின்ற எலிக்கு இதயம் இப்படி எரியாது. அது அவனுக்கும் தெரிய வேண்டும். அவன் வாசல்வரை போய்த் திரும்பி, ஏதோ அப்போதுதான் நினைவு வந்தவன் போலச் சொன்னான்: "அடுத்த தடவை எக்ஸ்ரே படத்தை விட்டுடலாமான்னு யோசிக்கிறேன், லோர்னா. திரும்பத் திரும்ப எக்ஸ்ரே பட்டா அதுவே கட்டியைச் சுட்டுடும். அப்புறம் மருந்து சுட்டதா, எக்ஸ்ரே சுட்டதான்னு குழப்பம்."

நியாயமான பேச்சுதான். வேறு நாளில் சொல்லியிருந்தால் அவளே தலையாட்டியிருப்பாள். வயிறு தெரிந்த அன்றைக்கே வயிற்றைக் காட்டும் படம் வேண்டாம் என்கிறானே என்றுதான் அவளுக்குப் போனது புத்தி.

அன்று மாலை காரில் பெர்னியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

பெர்னடெட் ஷார்ட்ரான், விலங்குக் கூடத்தின் பராமரிப்பாளர். லோர்னாவின் தெருவுக்கு அடுத்த தெரு. குளிர்காலம் முழுக்க இருவருக்கும் ஒரே கார். ராத்திரி முழுக்க மின்சாரத்தில் செருகிச் சூடாக வைக்காவிட்டால் இன்ஜின் உறைந்து கல்லாகிவிடும் ஊரில் ஒரு காரைக் கிளப்புவதே போதும் போதும் என்றாகிவிடும். சனிக்கிழமைகளில் கர்லிங் விளையாட்டில் ஒரே அணி. பனித்தளத்தில் லோர்னா கனத்த கல்லைச் சறுக்கிவிட, முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவது பெர்னி.

"வயிறு நிறைஞ்சிருக்கா? படத்துல அதெல்லாமா தெரியும்?" பெர்னி கையுறையைக் கழற்றாமலே கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன தின்னுச்சுன்னு தெரியாது. தின்னுச்சுன்னு தெரியும்."

"அதுக்காக? ஒரு வாய் தின்னா என்ன ஆகிடப் போகுது, அவ்வளவு பெரிய மெஷினுக்கு?"

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. ரிசல்ட்டு பொய்யாகிடும். மருந்து கொடுத்ததுங்களுக்கு மட்டும் யாரோ தீனி வைக்கிறாங்க, பெர்னி. காலையில, நான் வர்றதுக்குள்ள. கட்டி மங்கலாத் தெரியட்டும்னு."

பெர்னி வெளியே பார்த்தாள். ஆற்றின் மேல் உறைந்த பனியில் சிலர் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். "யாரு அப்படிச் செய்வாங்க?"

"மருந்து யாருக்குப் பலிக்கணுமோ அவங்க."

பிறகு பெர்னி, "அந்தப் பையன் நல்ல மாதிரிதான் தெரியறான்" என்றாள். அடுத்த சிக்னலில், "ஆனா யாரு மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். கவனிச்சுக்கோ" என்றாள்.

லோர்னா கவனித்தாள். கவனிக்கத் தொடங்கியபின் எல்லாமே கவனிக்கும்படியாக இருந்தது. பெஜ்மான் ஸ்கேன் நாட்களில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறான். எலிகளைச் சூட்டு மெத்தையில் வைத்துத் தயார்செய்ய என்கிறான். குளிரெடுத்த எலிக்குத் தோள்களுக்கு நடுவே உள்ள கொழுப்பு பற்றிக்கொண்டு படத்தைக் கெடுக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு இவ்வளவு முன்னதாகவா? எலிகள் இளைத்துவிட்டன, ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது அவன்தான் முதலில் சரி என்றானாம். பார்த்திருந்தால் தின்றது அப்போதே தெரிந்திருக்கும். ஒருநாள் விலங்குக் கூடத்து வாசலில், உடை மாற்றும் பெஞ்சுக்குக் கீழே, இரண்டு பிஸ்தா ஓடுகள் கிடந்தன. உள்ளே தின்பண்டமே கொண்டுபோகக் கூடாது. பிஸ்தா தின்கிறவன் அந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். அவன் அம்மா அனுப்புகிற பை எப்போதும் மேசையில் திறந்தே கிடக்கும். வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் கொடுப்பான். லோர்னாவே எத்தனையோ தடவை கைநிறைய வாங்கித் தின்றிருக்கிறாள்.

அவள் அந்த ஓடுகளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த ஸ்கேனுக்கு, கதிர்ச் சர்க்கரை ஏற்றிய ஈயப்பெட்டி வருவதற்குள், அவள் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தாள்.

"இன்னைக்கு எலிங்க வயிறு எப்படி இருக்கும், பெஜ்மான்?"

"அதுங்களைத்தான் கேட்கணும்." அவன் புருவம் சுருங்கியது. "என்ன ஆச்சு உங்களுக்கு? ரெண்டு வாரமா என்னை ஒரு மாதிரி பாக்கறீங்க."

"நான் எல்லாரையும் இப்படித்தான் பார்ப்பேன்."

"இல்ல. முன்னாடி எல்லாம் என்னைப் பார்த்தா வீட்டுல என்ன சமைச்சேன்னு கேப்பீங்க."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு ஸ்கேனர் அறைக்குப் போனாள். எக்ஸ்ரே படத்தை விட்டுவிடவில்லை. அன்றும் பச்சை அட்டை எலிகளின் வயிறுகள் நிறைந்திருந்தன, கட்டிகள் மங்கியிருந்தன. மஞ்சள் அட்டையில் ஒன்றுக்கும் வயிறு நிறைந்திருந்தது. பச்சையில் ஒன்றுக்கு வயிறு காலி. அந்த இரண்டையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவசரத்தில் கூண்டு மாறியிருப்பான் என்று நினைத்தாள்.

மறுநாள் டாக்டர் க்வென் ஹௌலெட்டின் அறைக்குப் போனாள். ஆய்வகத்தின் தலைவி ஹௌலெட். பேசும்போது கண்ணாடியைக் கழற்றி மடித்து மடித்துத் திறப்பார். படங்களை வரிசையாகப் பார்த்தபின் கண்ணாடி மடங்கியபடியே இருந்தது.

"தீனி வைக்கிறதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல. ஆனா தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நீங்க, அவன்."

"நான் அந்தப் பக்கமே போறதில்ல." ஹௌலெட் சன்னலைப் பார்த்தார். "அவன் ஒப்பந்தம் வசந்தத்தோட முடியுது, லோர்னா. விசாவும் அதோடதான். பெருசா ஒண்ணைக் காட்டினாத்தான் இந்த நாட்டுல நிக்க முடியும். ஆசை யாரை விட்டுது. எனக்கே இந்த ரிசல்ட்டு கொஞ்சம் ரொம்ப அழகா இருக்கேன்னு தோணிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவ்வளவு சுலபமாக நம்பிவிடுவார் என்று லோர்னா எதிர்பார்க்கவில்லை. தான் கொண்டுவந்த சந்தேகத்தை ஹௌலெட் கையில் வாங்கிக்கொண்டதும் அது சந்தேகமாக இல்லாமல் தீர்ப்பாகிவிட்டது. எழுந்து வரும்போது அவள் கதவருகே ஒரு கணம் நின்றாள். ஆனால் திரும்பிப்போய், பொறுங்கள் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

பெஜ்மானின் நுழைவு அட்டையை அன்றே முடக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கட்டடத்துக்குள் வரக் கூடாது. இந்த மருந்தின் முடிவுகளைப் பார்த்து ஹாலிஃபாக்ஸில் அவனை வேலைக்கு எடுக்கவிருந்த ஆய்வகத்துக்கும் ஹௌலெட் தொலைபேசியில் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லிவிட்டாராம். கீழே காவலாளி மேசைக்குப் பக்கத்தில் அவன் ஒரு அட்டைப்பெட்டியுடன் நின்றதை லோர்னா படிக்கட்டிலிருந்து பார்த்தாள். அவனும் பார்த்தான். கத்தவில்லை, திட்டவில்லை. கடையில் தன்னைத் திருடன் என்று பிடித்துவிட்டவர்களை ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

"போயிட்டானா?" காரில் பெர்னி கேட்டாள்.

"போயிட்டான்."

"வேலையே போயிடுமா?"

"செஞ்சிருந்தா போகத்தானே வேணும்?"

அந்தச் சனிக்கிழமை பெர்னி கர்லிங்குக்கு வரவில்லை, முழங்கால் வலி என்றாள்.

அடுத்த ஸ்கேன் நாளில் லோர்னா நிம்மதியாக வந்தாள். இனி உண்மை படத்தில் அப்படியே தெரியும் என்று நினைத்தாள். முந்தின மாலை அவளே தீனித் தட்டுகளை எடுத்திருந்தாள். காலையில் ஸ்கேனரைச் சரிபார்த்து, மருத்துவமனையிலிருந்து ஈயப்பெட்டி வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பெர்னி கூண்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து விட்டுப் போனாள். ஒவ்வொரு எலியையும் எடை பார்த்து, எடைக்கேற்ற அளவு கதிர்ச் சர்க்கரை ஏற்றி, மயக்கத்தில் உறங்கவைத்து, இயந்திரத்துக்குள் தள்ளினாள்.

முதல் படத்திலேயே இதயம் எரிந்தது. வயிறு நிறைந்திருந்தது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லோர்னா எழுந்து கதவைப் பார்த்தாள், யாரோ நிற்பது போல. பெஜ்மான் உள்ளே வரவில்லை. வர முடியாது. அப்படியானால் அவனுக்காக யாரோ செய்கிறார்களா? ஹௌலெட்டா? அந்தப் பக்கமே போவதில்லை என்றாரே, அதைக் கேட்காமலே எதற்குச் சொன்னார்? மருந்து பலித்தால் பெயர் முதலில் அவருக்குத்தானே? பழியைப் பெஜ்மான் மேல் போட்டுவிட அவர் காட்டிய அவசரம் இப்போது வேறு நிறத்தில் தெரிந்தது. அன்று முழுக்க அந்த நினைப்பிலேயே எலிகளை மாற்றி மாற்றி வைத்தாள். தன்மேலேயே ஒரு கணம் சந்தேகம் வந்தது. தட்டுகளை உண்மையிலேயே எடுத்தேனா?

கடைசி எலி முடிந்ததும் எல்லாப் படங்களையும் ஒன்றாகத் திறந்தாள். பச்சை, மஞ்சள் என்று பிரித்தாள். இந்த முறை பிரிவினை சரியாகவே வரவில்லை. நிறைந்த வயிறுகளில் பாதி மஞ்சள் அட்டை. மருந்தைத் தூக்கிக் காட்ட நினைப்பவன் உப்புநீர் எலிகளுக்கு எதற்குத் தீனி வைக்கிறான்?

அட்டையை விட்டுவிட்டு எலிகளைப் பார்த்தாள். படத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. வயிறு நிறைந்திருந்தவை எல்லாம் முதுகெலும்பு துருத்திக்கொண்டவை, தொடையில் சதையே இல்லாதவை. காலையில் தராசில் மற்றவற்றைவிடக் குறைவாக நின்றவை. பழைய படங்களையும் எடுத்தாள். முதல் ஸ்கேன்களில் மருந்துக்காரர்கள்தான் இளைத்திருந்தார்கள். மருந்தின் கடுமை அப்படி. அதனால்தான் எல்லாம் பச்சை அட்டையாகத் தெரிந்தது. இப்போதோ கட்டி வளர்ந்து உப்புநீர் எலிகளும் இளைத்துவிட்டன. பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்ட அந்த மஞ்சள் எலி, எலும்பும் தோலுமாக இருந்தது. வயிறு காலியாக இருந்த பச்சை எலி, கொழுகொழுவென்று இருந்தது.

தீனி வைத்தவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. எலியின் முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து எலியின் முகத்தைப் பார்க்கிறவர் அந்தக் கட்டடத்தில் யார் என்று லோர்னா யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் கொஞ்ச நேரம் முயன்றாள்.

மாலையில் பெர்னி காரில் ஏறி இருக்கைப் பட்டையைப் போட்டாள். லோர்னா சாவியைத் திருப்பவில்லை.

"என்ன, கிளம்பலையா? உறைஞ்சு சாகணுமா ரெண்டு பேரும்?"

"என்ன வெச்ச, பெர்னி?"

"எதுக்கு?"

"எலிங்களுக்கு."

கண்ணாடியில் அவர்கள் மூச்சு பனியாகப் படிந்துகொண்டே வந்தது. பெர்னி அதை விரலால் தேய்க்கப் போய், கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஓட்ஸ்" என்றாள். "சுடுதண்ணில ஊறவெச்சு. கொஞ்சூண்டுதான், விரல் நுனில."

"எல்லா ஸ்கேனுக்குமா?"

"காலையில போய்க் கதவைத் திறந்தா, நல்லா இருக்கிறதுங்க ஓடும். இதுங்க ஓடாது, லோர்னா. மூலையில முதுகைக் குவிச்சிக்கிட்டு, முடியெல்லாம் சிலிர்த்துக்கிட்டு, அப்படியே பார்க்கும். நோவும் கொடுத்து, விஷமும் கொடுத்து, பட்டினியும் போட்டா என்னதான் பண்ணும் அது? எனக்குத் தாங்கலை. எனக்கு உங்க கணக்கெல்லாம் தெரியாது."

"முதல்ல தெரியாது. சரி. நான் இதே சீட்டுல உக்காந்து உங்கிட்ட சொன்னேனே? வயிறு நிறைஞ்சிருக்கு, ரிசல்ட்டு பொய்யாகுதுன்னு? அன்னைக்குத் தெரியுமில்ல?"

பெர்னி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"கவனிச்சுக்கோன்னு சொன்னியேடி எங்கிட்ட! அவனைக் கவனிச்சுக்கோன்னு!"

"நீதான் அவன்னு முடிவு பண்ணிட்டு வந்த. நான் சொல்லித்தான் சந்தேகப்பட்டியா நீ?" பெர்னியின் குரல் உடைந்தது. "சரி, நான் பயந்துட்டேன். ரிட்டயர் ஆகப் போற நேரத்துல வெளியே தள்ளுவாங்கன்னு பயந்துட்டேன். ரெண்டு நாள் திட்டுவாங்க, அப்புறம் விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். பெட்டியோட அனுப்புவாங்கன்னு நெனக்கலை."

"அனுப்பின பிறகும் வெச்சிருக்கியே! இன்னைக்கும் வெச்சிருக்கியே!"

"அது வேற." பெர்னி மூக்கைத் துடைத்தாள். "அவன் இல்லாதப்பவும் வயிறு நிறைஞ்சிருந்தா, அவன் செய்யலைன்னு ஆயிடும்ல? நீயே பார்த்துப் புரிஞ்சுக்குவேன்னு... நான் வாயைத் திறக்காமலே அவன் பழி தீர்ந்துடும்னு."

லோர்னா அவளைப் பார்த்தாள். அது உண்மையா, இப்போது இந்த நிமிடத்தில் கட்டின பேச்சா என்று தெரியவில்லை. எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த முகம். ஒரு எலியின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இந்த முகத்துக்குள் இருப்பதை அவளால் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குக் காலையில ஹௌலெட்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீயே சொல்லு. உனக்குத்தான் சொல்லிப் பழக்கம் ஆயிடுச்சே."

கடைசியில் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். ஹௌலெட் கண்ணாடியை மடிக்கவில்லை, திறக்கவில்லை. கேட்டு முடித்ததும், "இதை வெளியில யாரும் பேச வேண்டாம்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அப்புறம் எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. எடுத்த படங்கள் அத்தனையும் தள்ளுபடி. ஆராய்ச்சியைப் புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெர்னியை முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். பெஜ்மானுக்கு மன்னிப்புக் கேட்டு ஹௌலெட் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஹாலிஃபாக்ஸுக்கும் தொலைபேசியில் பேசினாராம். அங்கே அந்த இடம் அதற்குள் வேறு ஒருவருக்குப் போய்விட்டிருந்தது.

மிச்சமிருந்த புத்தகங்களை எடுக்க அவன் வந்தபோது லோர்னா வழியில் காத்திருந்தாள். என்ன பேசுவது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்ததெல்லாம் அவனைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

"நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றாள்.

"கேட்டீங்களே. தீனி எடுத்தீங்களான்னு கேட்டீங்க. வயிறு எப்படி இருக்கும்னு கேட்டீங்க." அவன் புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டே பேசினான். "நீ வெச்சியான்னு மட்டும் கேக்கலை. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். நீங்க நம்பியிருக்க மாட்டீங்க, அது வேற விஷயம்."

"எக்ஸ்ரே வேண்டாம்னு சொன்னீங்க. கதவுகிட்ட பிஸ்தா ஓடு கிடந்துச்சு, எடுத்து வெச்சேன். எல்லாம் சேர்ந்து..."

"எக்ஸ்ரே வேண்டாம்னது எக்ஸ்ரே வேண்டாம்னுதான். பிஸ்தா பெர்னிக்கு நான்தான் கொடுத்தேன், கை நிறைய. அந்த பெஞ்சில உக்காந்து ரெண்டு பேரும் தின்னோம். அவங்க முழங்கால் வலியைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தாங்க." அவன் பையின் வாயை இழுத்து மூடினான். "வேற யாரு மேசையிலயாவது பிஸ்தா இருந்திருந்தா அந்த ஓடுங்களை எடுத்து வெச்சிருப்பீங்களா, லோர்னா?"

அவள் வழியை விட்டு விலகி நின்றாள்.

"உங்களுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தரேன்" என்றாள் பிறகு. "எங்க வேணும்னாலும். நடந்ததைத் தெளிவா எழுதித் தரேன்."

"வேண்டாம். நல்லபடியாச் சொன்னாக்கூட அந்தக் கதையைச் சொல்லித்தானே ஆகணும்?" முதல் தடவையாக அவன் கொஞ்சம் சிரித்தான், பழைய சிரிப்பு இல்லை. "மருந்து நெஜமாவே வேலை செய்யுதான்னு மட்டும் பாருங்க. எனக்கே இன்னும் தெரியாது அது."

புது எலிகள் வந்தன. தீனி எடுப்பதை இனி இருவர் சேர்ந்து செய்தார்கள். கூண்டறைக் கதவில் பூட்டு போட்டார்கள். எல்லா வயிறுகளும் காலியாக இருந்தன. மருந்து கொஞ்சம் வேலை செய்தது. முன்பு தெரிந்த அளவுக்கு இல்லை. கட்டி கரையவில்லை, வளர்வது சற்று மெதுவானது, அவ்வளவே. லோர்னா அந்தப் படங்களை மாண்ட்ரியாலில் தற்காலிக வேலையில் இருந்த பெஜ்மானுக்கு அனுப்பினாள். நன்றி என்று பதில் வந்தது. வேறொன்றும் இல்லை.

வசந்தத்தில் கர்லிங் மன்றத்தின் வருட விருந்து. நீண்ட மேசைகள், தட்டுத் தட்டாக உருளைக்கிழங்கு அடைத்த பெரோகி, வெங்காயம் வதக்கிய வாசனை. பெர்னி இப்போது வேறு அணி. லோர்னா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். கார் ஒரே காராக இருந்த காலத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"முடிஞ்சிருச்சா, அந்த வேலை?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப எலிங்களும் முடிஞ்சிருக்கும்."

"ஆமா." ஆராய்ச்சி முடிந்தால் எலிகளை மயக்கத்திலேயே மீளாமல் உறங்கவிட்டுவிடுவார்கள். பெர்னிக்குத் தெரியாததல்ல, எத்தனையோ தடவை அவளே கூட நின்றிருக்கிறாள்.

பெர்னி முள்கரண்டியால் பெரோகியைத் தள்ளித் தள்ளி வைத்தாள். "கடைசி ஸ்கேனுக்கும் பட்டினி போட்டிருப்பீங்க. அப்படியே பசியோடயா போச்சுங்க?"

"இல்ல. ஸ்கேன் முடிஞ்சதும் தீனி போட்டேன். கதிர் அடங்கற வரைக்கும் நேரம் இருந்துச்சு. எல்லாம் தின்னுச்சு."

"நீயேவா போட்ட?"

"நானேதான்."

அது உண்மைதான். இளைத்தவற்றுக்கு ஓட்ஸ் ஊறவைத்துக் கொடுத்ததையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் இன்னும் பொய்யாகத்தான் கேட்கும் என்று லோர்னா விட்டுவிட்டாள். பெர்னி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் தாழ்த்தாமல் வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அணி இருந்த மேசைக்குப் போனாள்.